சமபங்கு

சீட்டு விழுந்த பணம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டலாம் என்றார் பிரைட் சிங்.
நான் உள்ளங்கை இரண்டும் சேர்த்தால் அடங்குகிற
ஒரு இரும்புருண்டை வாங்கினேன்.
கஸ்டம்ஸில் பதினேழு நாள் கிடந்து
நாகர்கோவில் கூரியர் ஆபீசுக்கு வந்தபோது
தூக்கிப் பார்த்த பையன்
"குக்கரா மேடம்?" என்றான்.
ஆமா.

குழித்துறையில் ஷிபுலாலின் ஷெட்.
லிஃப்டில் கால் தொங்க நிற்கிறது என் நீலச் செடான்,
கொச்சியில் ஒருவர் ஓட்டி அலுத்தது.
இருநூற்று முப்பது குதிரைகள்,
அத்தனையும் இரண்டு முன்சக்கரங்களின் தலையில்.
கியர்பாக்ஸைப் பிளந்து
பழைய டிஃபரென்ஷியலை எடுத்து
எண்ணெய் சொட்டச் சொட்ட என்னிடம் காட்டினான்.
"இவன் பெரிய நியாயஸ்தன் பாத்துக்கிடுங்க.
ரெண்டு பேருக்கும் ஒரேபோலத்தான் குடுப்பான்.
ஒருத்தன் வழுக்கீட்டான்னு வச்சுக்கிடுங்க,
அவன் எவ்வளவு தாங்குவானோ
மத்தவனுக்கும் அவ்வளவுதான்.
இவனுக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல.
கணக்கு மட்டும் சரியா இருக்கும்."

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
மூன்று வருடமாக வலது கொண்டைவளைவுகளில்
உள்சக்கரம் கத்திக் கத்தி ரப்பரைக் கரைக்கும்.
வெளிச்சக்கரம் தாரை இறுகப் பற்றிக்கொண்டு
எதுவும் வராமல் உருளும்.
பகலெல்லாம் எக்ஸ்ரே அறையில்
மற்றவர்களின் இடுப்பெலும்பைப் படம் பிடிக்கிறவள் நான்.
நொண்டுகிற காலைக் காட்டத்தான் வருவார்கள்.
படத்தில் தேய்ந்திருப்பது
பல சமயம் மற்றது.

ஞாயிறு, விடியுமுன்.
குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைக்கு ஏறும் ரோடு.
இரவெல்லாம் பெய்திருந்தது.
ரப்பர் இலைகள் தாரோடு ஒட்டிக் கிடந்தன.
முதல் வலது வளைவு.
பாதி வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்,
வழக்கமாகக் கத்தும் இடத்தில்.
கத்தவில்லை.
மூக்கை யாரோ உள்பக்கமிருந்து இழுத்ததுபோல்
வண்டி திரும்பியது.
ஸ்டியரிங் கையில் கனத்து, முறுக்கி, நேரானது.
சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.
அடுத்த வளைவுக்காகவே அடுத்த வளைவுக்குப் போனேன்.

ஏழாவதில் அரசு பஸ்.
முழு ரோடும் அவருக்கு.
இடது பக்கம் ஒதுங்கினேன்,
ஒதுங்கிய இடத்தில் ரோடு இல்லை.
ஓடைப்பாலத்தின் விளிம்பைத் தாண்டி
முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில்.
ரிவர்ஸ் போட்டு மிதித்தேன்.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்
காற்றில் விர்ரென்று சுற்றியது.
வலது சக்கரம், திடமான தரையில்,
சும்மா நின்றது.

தலைவிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
ஒரு பால்வெட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்தார்.
"மரம் நனஞ்சு கெடக்கு, இண்ணைக்கு வெட்டில்ல,"
என்று எனக்கு விளக்கம் சொல்லிவிட்டு
கல்லில் உட்கார்ந்தார், பார்க்க.

ஷிபுலால் தூக்கத்தில் எடுத்தான்.
"அந்தரத்துல நிக்கவன்கிட்டேந்து ஒண்ணும் எடுக்க முடியாது மேடம்.
அவன் கொஞ்சமாவது எதிர்க்கணும்.
மிதிச்சுக்கிட்டே எடது காலால பிரேக்கைத் தொடுங்க.
லேசா. தொட்டா மதி."

தொட்டேன்.
காற்றில் சுற்றியது தயங்கியது.
தயங்கிய அந்த நொடியில்
வலது சக்கரம் எதையோ கேட்டதுபோல் விழித்து
ஈரமண்ணைக் கடித்து
என்னையும் வண்டியையும் பின்னால் இழுத்துப் போட்டது.

"நல்ல சாமானம்," என்றார் அவர்.
"என்ன ரூவா ஆச்சு?"
எழுபது என்றேன்.
அம்மாடி என்றார்.

வீட்டில் நாற்பது என்று சொல்லியிருக்கிறேன்.
பழைய நியாயஸ்தனைத் துடைத்து
ஷோகேஸ் மேல் வைத்திருக்கிறேன்,
கரண்ட் பில்லும் சீட்டு ரசீதும் பறக்காமலிருக்க.
பிரைட் சிங் அதைத் தூக்கிப் பார்த்து
"இது கெட்டுப்போச்சா?" என்றார்.
இல்லை என்றேன்.
அது மட்டும் உண்மை.