மூன்று ரெத்தினபாய்கள்

என் தொழிலைச் சொன்னால்
'கம்ப்யூட்டருக்குக் கலர் அடிக்கிறவளா' என்பார்கள்.
குலசேகரத்தில், ரப்பர் சங்கத்தின் மாடியில்,
செயலாளர் ஸ்டீபன்சன் அதைக்கூடக் கேட்கவில்லை.
'பட்டன் எங்கே வரும்? அதை முதல்ல காட்டுங்க.'

பட்டன் வினைச்சொல், சார்.
வினை பிறகு. முதலில் பெயர்கள்.
உள்ளே யார் யார், என்னென்ன,
எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது
என்று தெரியாமல் பட்டன் வைப்பது
கதவைத் தூக்கிக்கொண்டு வீடு தேடுவது மாதிரி.

பொருளுக்கு நீலச் சீட்டு, பண்புக்கு மஞ்சள், செயலுக்குப் பச்சை.
ஃபேன் மூன்றில் ஓடியது; நீலம் எல்லாம் பறந்தது.
ஃபேனை அணைத்துவிட்டு வியர்த்தோம்.

பொருள் என்ற சொல் எனக்கு வசதி.
கையில் எடுக்கும் சாமானும் அதுதான்,
அர்த்தமும் அதுதான், காசும் அதுதான்.
ஸ்டீபன்சன் மூன்றாவதுக்கு மட்டும் தலையாட்டினார்.

தோட்டம் நீலம். பிளாக் நீலம்.
மரம்? முந்நூற்றைம்பது மரத்துக்கும் முந்நூற்றைம்பது சீட்டா?
வேண்டாம், எண்ணிக்கை போதும், மஞ்சள்.
பால் நீலம்.
ஒட்டுபால் அதே பாலா, வேறா?
அரை மணி நேரச் சண்டை.
விலை வேறு, வாங்குகிற ஆள் வேறு, நாற்றமும் வேறு என்று
கணக்கர் ஜெபசிங் சொன்னதில் முடிந்தது.

பேரேட்டில் 'வெட்டுக்கூலி' என்றொரு கட்டம்.
அதில் ஒரு தொகை,
பக்கத்தில் பென்சிலில் ஒரு பெயர்.
பிளாக்கின் பண்பு, மஞ்சள்.
நான்தான் ஒட்டினேன்.

மறுநாள் நாலரை மணிக்குத் திற்பரப்புப் பக்கம் ஒரு சரிவில்
நெற்றி விளக்கின் வட்டத்துக்குப் பின்னால் நடந்தேன்.
ஒரு மரத்துக்கு இருபது நொடி.
பட்டையில் சாய்வாக ஓர் இழை, சிரட்டை நிமிரும், அடுத்த மரம்.
மாதிரிச் செயலியை நீட்டினேன்.
ரெத்தினபாய் விரல் வைத்தாள். திறக்கவில்லை.
ரேகைமேல் பால் உறைந்து இன்னொரு தோல்.
அதை உரித்துப் போட்டுவிட்டு வைத்தாள்.
திறக்கவில்லை.
குறித்துக்கொண்டேன்: கைரேகை வேண்டாம்.
நான்கு எண். பெரிதாக. இருட்டுக்கு ஏற்ப.

'எனக்கு மூணு ஆளுக்க வெட்டு, மூணு புக்கு.
போன மாசம் ஆகமொத்தம் எத்தன மரம்னு
இதுல பாக்க முடியுமா?'

முடியாது.
ஒரு புத்தகத்தில் அவள் ரெத்தினபாய்,
இன்னொன்றில் ரத்னா பாய்,
மூன்றாவதில் தாசையன் மனைவி.
மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

வெட்டுகிறவள்.
பள்ளியில் இதற்கு வினையாலணையும் பெயர் என்று மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
வாங்கியவள்தான்
உயர்திணையைக் கொண்டுபோய்
ஒரு துண்டு நிலத்தின் பண்பாக ஒட்டியவள்.

பால் ஊறுகிற நேரத்தில்
பாறையில் உட்கார்ந்து கூட்டினோம்.
பதினேழு நாள். ஐந்தாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மரம்.
'இவ்வளவா' என்றாள். நான்கு ஞாயிறு கழித்தாள்.
'பாக்கி பத்தும் மழ. மழைக்குக் கூலி இல்ல.
இல்லாத கூலிக்கு இதுல இடம் உண்டா?'

நீலச் சீட்டில் அவள் பெயர்,
கீழே மரம், கூலி, முன்பணம், மழைநாள்.
பையில் கிடந்து பசை போன சீட்டு.
அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

சுவரிலிருந்து மஞ்சளைக் கிழித்தபோது
ஸ்டீபன்சன் நெடுநேரம் பார்த்தார்.
'இப்படி வச்சா
யாரு எவ்வளவு முன்பணம் குடுத்து யார கட்டிப்போட்டிருக்காங்கன்னு
ஒரே பக்கத்துல தெரிஞ்சிடுமே.'
குறையாகத்தான் சொன்னார்.
'ரெண்டாம் கட்டத்துல பாக்கலாம்.'

என் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது
என்று ஜெபசிங் பேரேட்டைப் புரட்டினார்.
இதரச் செலவுகள்.
பக்கத்தில், பென்சிலில், என் பெயர்.
ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.