பத்துக்கு நாலு

ஆய்வுகூடத்துக்குப் பின்னால் அரைப் பரப்பு.
மிதிவெடி எடுத்தவர்கள் அரிதட்டால் அரித்துவிட்டுப் போன மண்.
வெடி இல்லை. விதையும் இல்லை.
மழைக்குக் கஞ்சி, வெயிலுக்கு ஓடு.

ஓரத்து நாயுண்ணிப் பத்தைகளை வெட்டத் தொடங்கினோம்.
மூன்றாம் நாள் நிதுர்சன் கத்தியைக் கீழே வைத்தான்:
உள்ளே புலுனிக் கூடு, நீல முட்டை நாலு.
அந்தப் பத்தையை மட்டும் விட்டோம்.
கொப்பியில் 'வந்தேறிச் செடி' என்று எழுதினதை
யாழ்விழி வெட்டினாள்,
பிறகு திருப்பி எழுதினாள்.

முத்தையன்கட்டுக் காட்டோரம் சருகுமண் அள்ளி
உரப்பையில் கட்டி, சைக்கிளில் ஏற்றி வந்தோம்.
பாலை, வீரை, கூழா,
குரங்கு துப்பின முரலிக்கொட்டை.
பையோடு ஒளித்துவந்த கொடி ஒன்றும் முளைத்தது.
போனில் படம் பிடித்துத் தேடினால்
பிரேசில் என்றது.

ஆவணி லீவில் வேலி பிரித்து ஆடுகள் வந்தன.
பாலை குச்சி. வீரை குச்சி. கூழா இருந்த இடத்தில் புழுக்கை.
அந்தக் கொடியில் மட்டும் ஓரிலை குறையவில்லை.
அழுதுகொண்டு நின்ற இடத்தில் அபிநயன்தான் முதலில் சிரித்தான்:
"எடேய், ஆடுதின்னாப்பாளை!"
பேர் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கின்றன.

அடுத்த கிழமை மயிர்க்கொட்டி மாதிரி ஒன்று,
கறுப்பு உடம்பு, சிவப்பு முள்ளு, நடுவில் வெள்ளைப் பட்டி.
பிறகு முப்பது.
ஆடு தின்னாததை அவை தின்றன.

அந்த நேரம் பார்த்து வலயத்திலிருந்து கப் வாகனம்,
பசுமைப் பாடசாலைப் போட்டிக்குப் புள்ளி போட.
'களை. பூச்சித் தாக்கம். மருந்து அடிக்கவும்.'
பத்துக்கு நாலு.
முதலிடம் வந்த பள்ளியில்
டயர்களுக்கு மஞ்சள் பெயின்ட், உள்ளே குரோட்டன்.

அப்பாவின் வயல்த் தாங்கியை
முதுகில் போட்டு வந்தவள் நான்தான்.
பொய் சொல்லேல்லை, ஆறு புள்ளி எனக்குச் சுட்டது.
குனிந்தேன்.
காம்பை அறுக்கிற சத்தம் கேட்டது,
கேட்டமாதிரி இருந்தது.
அரித்த மண்ணுக்கு
நாங்கள் கூப்பிடாமல் வந்த ஆட்கள்.
தாங்கி முதுகில் கனத்தது.
இறக்கி வைத்தேன்.
நிதுர்சன் ஒன்றும் கேட்கவில்லை, மூடியை இறுக்கினான்.

கூடுகள் ஆய்வுகூட யன்னல் கம்பியில்தான் தொங்கின.
இரசாயனப் பாடத்தில் ஒன்று வெடித்தது.
சிவப்பு உடம்பு, ஈரச் செட்டை.
சேர் சமன்பாட்டைப் பாதியில் விட்டார்.

ஐப்பசி முதல் மழைக்கு
பதினொரு பாலைக்குச்சியில் ஒன்றில் செப்பு நிறத்தில் துளிர்.
மற்றப் பத்தும் செத்ததோ தெரியாது.
ஒருவரும் பிடுங்கவில்லை.