டி பிளாக் மரம்

“நீங்கதான் மிலிட்டரி ஆச்சே” என்றார்
செக்ரட்டரி விஜயராகவன்.
போன வருஷம் கடல் தீம்,
அதற்கு முந்தின வருஷம் சாக்லேட்.
இந்த வருஷம் ராணுவம்.
ஏ பிளாக்கைத் தோற்கடித்தே ஆகணுமாம்.

வேளச்சேரியில் மழை விட்டு இரண்டு நாள்.
லிஃப்ட் குழியில் இன்னும் தண்ணீர்.
ஈவ்னிங் பஜாரில் வாங்கிய ஆறடி பிளாஸ்டிக் மரத்தைக்
குடை விரிப்பதுபோல் விரித்து வைத்துவிட்டு
ஆதம்பாக்கம் வீட்டுக்குப் போய்
கட்டிலுக்கடியிலிருந்து கறுப்புப் பெட்டியை இழுத்தேன்.
மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில்
நம்பர், ஹவில்தார், ம. தனிஸ்
அதற்குமேல் துரு.

“இதையெல்லாமா தூக்கிட்டுப் போறீங்க”
என்றாள் கொரற்றி.
பிறகு அவளே உட்கார்ந்து
பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்தாள்.

பதினான்கு பொத்தான்.
ஒரு விசில்.
பூட்ஸ் கயிறு, தோரணத்துக்கு.
ஊசி நூல் வைக்கிற சின்னத் துணிப்பை;
பட்டாளத்தில் அதற்குப் பெயர் ஹவுஸ்வைஃப்.
இருபத்தொரு வருஷம் என் கிழிசலைத் தைத்தது
இவள்தான் என்றேன்.
கொரற்றி சிரிக்கவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள்.
ரித்விக் ஒரு டாங்க் கொண்டுவந்தான்,
அது எந்தக் கிளையிலும் நிற்கவில்லை.
யாழினி ஒரு பாக்கெட் பச்சைப் பொம்மைச் சிப்பாய்கள்.
ஒவ்வொருவன் கழுத்திலும் நூல் கட்டித்
தொங்கவிட்டாள்.
நான் ஒன்றும் சொல்லாமல்
ஒவ்வொருவனாய் அவிழ்த்து இடுப்பில் கட்டினேன்.
“ஏன் அங்கிள்?”
“கயிறு ஏறுறாங்க பாப்பா. டிரெய்னிங்.”

பனிக்குப் பஞ்சு.
பி-4 அம்மா தலையணையையே பிரித்துக் கொடுத்திருந்தார்.
மெத்தென்றிருந்தது.
நான் பார்த்த பனி
என் இடதுகாலில் இரண்டு விரல்களை
வைத்துக்கொண்டு அனுப்பியது.
“அங்கிள், இன்னும் கொஞ்சம் பனி?”
“போதும்.”

மரத்தடியில் குடில்.
வைக்கோலுக்குப் பதில் கூரியர் பெட்டியில் வந்த காகிதச் சுருள்.
மாட்டுக்கும் சூசையப்பருக்கும் நடுவில்
யாரோ ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியைச் சாத்தியிருந்தார்கள்,
குழந்தையைக் காக்க.
நல்ல எண்ணம்தான்.
ஆனால் இந்தக் கதைக்குள்
ராணுவம் வருவது ஒரே ஓர் இடத்தில்.
ஏரோது அனுப்புகிறான்,
இரண்டு வயதும் அதற்குக் குறைந்ததும்
எந்த வீட்டில் என்று தேடிக்கொண்டு.
சின்ன வயதில் கோயிலில் அதைக் கேட்கும்போது
நான் குழந்தைகளை நினைப்பேன்.
ஆள் எடுப்பில் தேறி
பரங்கிமலையில் ரயில் ஏறிய பிறகு
அந்தச் சிப்பாய்களையும்.
யாராவது ஒருவன்
கதவைத் திறந்து பார்த்துவிட்டு
“இங்கே இல்லை” என்று சொல்லியிருப்பானா?
துப்பாக்கியை எடுத்து
ரெஜிஸ்டர் வைக்கிற டிராயருக்குள் போட்டேன்.
அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

கடைசியில் உச்சி.
“உங்க ஸ்டார் எங்க அங்கிள்?”
எனக்கு நட்சத்திரம் கிடையாது.
நட்சத்திரம் வேறு தோள்களுக்கு.
எனக்குக் கையில் மூன்று பட்டை.
பழைய சட்டையிலிருந்து பிளேடால் பிரித்தெடுத்து
கம்பியில் கோத்து மேலே செருகினேன்.
செக்ரட்டரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
“ஸ்டார் இல்லாம மார்க் குறைப்பாங்களே.”

குறைத்தார்கள்.
ஏ பிளாக் டைனோசர் வைத்து ஜெயித்தது.

இருபத்துநாலாம் தேதி நைட் டியூட்டி எனக்கே.
லீவு கேட்டிருக்கலாம்.
கொரற்றி பூசைக்குப் போயிருப்பாள், தனியாக,
மெரூன் பட்டில்.
பழக்கம்தான் அவளுக்கு.

ஒன்றே முக்காலுக்கு ஒருவன் வந்தான்
நனைந்த ரெயின்கோட்டோடு,
மூன்றாம் மாடிக்கு பிரியாணி.
பெயர், பிளாட் நம்பர், நேரம், கையெழுத்து.
லிஃப்ட் ஓடாது தம்பி, படி அந்தப் பக்கம்.
போகாமல் நின்றான்.
சீரியல் பல்பு அணைந்து அணைந்து எரிவதை
அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னான்:
“மேல அந்த மூணு பறவை
சூப்பரா இருக்குண்ணே.”