தணிக்கைக் குறிப்பு ஏழுக்கு விளக்கம்

ஐயா,
இரும்பு பீரோவுக்குள் அவை
ஐந்து வருடம் பத்திரமாக இருந்தபோது
நீங்கள் ஒரு குறிப்பும் எழுதவில்லை.
வயலின் மூன்று. மிருதங்கம் ஒன்று.
நாகஸ்வரம் இரண்டு, சீவாளி வரப்பெறவில்லை.
மார்ச் தோறும் எண்ணி, 'நல்ல நிலையில் உள்ளது' என்றெழுதி,
பச்சை மையில் ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்தும் வாங்கி
மறுபடி பூட்டியிருக்கிறேன்.

இந்த வருடம்
ஒரு வயலினில் தந்தி அறுந்திருக்கிறது,
வில்லில் மயிர் கொட்டியிருக்கிறது,
தரையெல்லாம் வெள்ளைப் பொடி,
எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லுதேன்.

வெள்ளிக்கிழமை ஏழாம் பீரியட் இசை
என்று அட்டவணையில் இருக்கிறது.
அதைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வது வழக்கம்.
அன்று அவர் பயிற்சிக்குப் போயிருந்தார், சேரன்மகாதேவிக்கு.
ஒன்பது 'பி' முப்பிடாதிஸ்ரீ ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.
"அக்கா, அந்த பீரோவுக்குள்ள என்ன இருக்கு?"
இருப்பைக் கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா.

வில்லை எடுத்து இழுத்தாள். சத்தமில்லை.
மூன்று வயலினையும் இழுத்தாள். மூன்றும் ஊமை.
புது வில் அப்படித்தான் இருக்குமாம்,
ரோஸின் தடவினால்தான் வாய் திறக்குமாம்.
அம்மாவின் செல்லில் பார்த்துத் திங்கட்கிழமை வந்து சொன்னாள்.
"ஏட்டி, அது சப்ளை லிஸ்ட்டுல இல்லையே" என்றேன்.
ரிஃபாயா நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கிவந்தாள்.
தேய்த்தார்கள். ஒரு கீச்சு. அவ்வளவுதான்.

அசல் ரோஸின், ரூபாய் எண்பது,
நெல்லை ஜங்ஷனில் நான் வாங்கியது.
பில் இல்லை.
இது முதல் குற்றம்.

முதல் சத்தம் எப்படி இருந்தது என்று கேட்க
உங்கள் படிவத்தில் இடமில்லை, ஆனாலும் எழுதுகிறேன்:
மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றில்
ரைஸ்மில் கூரைத் தகரம் ஆணியைவிட்டு விலகுமே, அப்படி.
எட்டாம் வகுப்பில் குறள் ஒப்பித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.
சத்துணவு அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள்.
பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
எனக்கு மட்டும்
'நல்ல நிலையில் உள்ளது' என்று
ஐந்து முறை எழுதிய கை கூசிற்று.

அதற்கப்புறம் தினமும், நாலரைக்கு மேல்.
ஏஞ்சல் ஜெபாவின் அம்மா பீடி சுற்றுகிறவள்.
கட்டுக்கு இருபத்தைந்து என்று எண்ணுகிற வீட்டில்
வளர்ந்த காதுக்கு எண்ணிக்கை தப்பாது.
மிருதங்கத்தை அவள் பெயருக்கு எழுதினேன்.
எனக்கு 'ச' எது 'ப' எது தெரியாது.
தெரிந்ததெல்லாம், பாபநாசம் பஸ் ஐந்தே காலுக்கு,
விட்டால் ஆறரைக்கு.
ஆறரைக்குத்தான் போனேன், நான்கு மாதமும்.

இரண்டாம் குற்றம்.
பாளையங்கோட்டைப் போட்டிக்கான படிவத்தில்
'பயிற்றுநர் பெயர்' காலியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
என் பெயரை எழுதினேன்.
பொய்ச் சான்று. ஒப்புக்கொள்கிறேன்.

முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டார்கள்.
"பஞ்சமம் இறங்கியிருக்கு" என்றாராம் நடுவர்.
திரும்புகிற பஸ்ஸில் ஒருத்தியும் அழவில்லை.
எவ்வளவு இறங்கியிருக்கும் என்று சண்டை.
தருவையில் தொடங்கிய சண்டை,
"இம்புட்டு", "இல்லட்டி, இம்புட்டு" என்று
ஆளுக்கொரு சுருதியில் முனங்கி முனங்கி
வீரவநல்லூர் வந்து இறங்கியும் முடியவில்லை.
கண்டக்டர் இரண்டு முறை அதட்டினார்.

மறுநாள் முறுக்காணியை முடுக்கினார்கள்.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
அறுந்தது.
தாங்கள் குறிப்பிட்டுள்ள சேதம் அதுதான்.

எனவே,
தந்தியின் விலையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.
பொடியைப் பெருக்கச் சொல்லியிருக்கிறேன்,
நாளைக்கும் விழும்.
நாகஸ்வரத்துக்குச் சீவாளி கோரி
ஒரு கடிதம் இத்துடன் இணைத்துள்ளேன்.
பீரோ சாவியை நேரில் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள்.
சாவி தற்போது ஒன்பது 'பி'யில் இருக்கிறது.
இடைவேளையில் கேட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இ. உலகம்மாள்,
இளநிலை உதவியாளர்.