கடிகாரம் நிற்கும் விதங்கள்

கிரிம்ஸ்பி. காலை ஏழே முக்கால்.
துறைமுகத்திலிருந்து மீன்வாடையோடு மழை.
மூன்றாம் மாடியில் ஜன்னலில்லாத அறை,
யாருக்கும் அணைக்கத் தெரியாத ஒரு ஹீட்டர்.
நான் நாள் எண்ணுகிறவள்.

மருத்துவர் இல்லை, நர்ஸ் இல்லை.
எவருடைய உடம்பையும் தொட்டதில்லை.
'புற்றாக இருக்கலாம்' என்று எழுதிய கடிதம்
வந்து விழும் நாள் பூஜ்யம்.
அறுபத்திரண்டாம் நாளுக்குள்
கத்தியோ கதிரோ சொட்டுச் சொட்டாய் இறங்கும் மருந்தோ
அந்த உடம்பை எட்டியாக வேண்டும்.
அறுபத்துமூன்று என்றால் மீறல்.
மீறலுக்குப் படிவம் உண்டு, நான்கு பக்கம்.

ஏன் அறுபத்திரண்டு?
'ஜூலையும் ஆகஸ்டும்' என்றாள் டெனீஸ்,
பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி.
டிசம்பரும் ஜனவரியும் கூட்டினாலும் அதே கணக்குத்தான்,
அதை அவள் சொல்லவில்லை.

பச்சை, மஞ்சள், சிவப்பு.
வரிக்கு ஓர் ஆள்.
எனக்கு அவர்கள் முகம் தெரியாது,
தாமதம் தெரியும்.

டொரீன் ஸ்டெப்பிங்ஸ், எழுபத்தொன்று.
ஒன்பதாம் நாள் ஸ்கேன் இயந்திரம் படுத்துக்கொண்டது.
இருபத்தாறாம் நாள் அவள் திசு டாக்சியில் ஹல் நகருக்குப் போய்
வேறு யாரோ வாசலில் இரண்டு இரவு காத்திருந்தது.
வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவள் பதினேழாவது.
பதினாறு முடியும்போது மணி ஒன்று,
நாற்காலிகள் நகர்ந்தன,
அடுத்த வியாழன் என்றார்கள்.

தேதி சொல்ல நான்தான் போன் செய்தேன்.
எழுபத்தொன்றாம் நாள். சிவப்பு.
கோபிக்கவில்லை. என் வேலை என்னவென்று கேட்டாள்.
சொன்னேன்.
சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது.
'முப்பது வருஷம் ஹாடக் மீனுக்கு முள்ளெடுத்தவள் நான்.
நிமிஷத்துக்கு எத்தனை என்று
மேஸ்திரி கடிகாரத்தோடு வந்து நிற்பான்.
அவன் எண்ணுகிற நாளில்
முள்ளை உள்ளேயே விட்டுவிடுவோம், பெண்ணே.'

ஐம்பத்தெட்டாம் நாள் அவள் இறந்துபோனாள்.

கடிகாரத்தை நிறுத்தக் காரணம் கேட்டது திரை:
சிகிச்சை தொடங்கியது.
புற்று இல்லை.
நோயாளி மறுத்தார்.
நோயாளி இறந்தார்.
கடைசியை அழுத்தினேன்.
சிவப்பு வரி சாம்பலாகிக் கீழே நழுவியது.
மேலே, மூலையில்,
எண்பத்துநான்கு புள்ளி எட்டு
எண்பத்தைந்து புள்ளி ஒன்பதாக ஏறியது.
வேண்டியது எண்பத்தைந்து.
அலிஸ்டர் எலுமிச்சை கேக் வாங்கி வந்தார்.
நானும் ஒரு துண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

தரம் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர்.
கையெழுத்துகளைக் கேட்டார்கள், காட்டினோம்.
மூன்றாமவர் பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண்,
தனக்கும் வந்து போனது என்று மார்பைத் தொட்டுச் சொன்னவர்,
என் திரையருகே குனிந்தார்.
'இந்தச் சாம்பல் வரிகள்?'
இறந்தவர்கள் என்றேன்.
'எந்தக் கணக்கில் வருகிறார்கள்?'
ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
எதிலும் வருவதில்லை என்றேன்.
அவர் படிவத்தைப் புரட்டினார்,
கட்டம் இல்லை.
பின்பக்கம் திருப்பிப் பென்சிலால் எழுதினார்.

ஆறு வாரம் கழித்து அறிக்கை.
பத்தொன்பது பரிந்துரைகள்.
சாம்பல் வரிகளைப் பற்றி ஒன்றரை வாக்கியம்,
எண் பதினேழு.

வியாழன். வரிசையாகப் படித்தார்கள்.
கை கழுவும் தொட்டி, குறிப்பேட்டின் தேதி வடிவம்,
காத்திருக்கும் அறையில் நாற்காலி உயரம்.
பதினாறு முடிந்தது. மணி ஒன்று.
அலிஸ்டர் பேனாவை மூடினார்.

கூட்டத்தில் நான் பேசியதில்லை,
குறிப்பெடுக்கத்தான் உட்காருவேன்.
'பதினேழையும் பார்த்துவிட்டுப் போவோம்' என்றேன்.
நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது குரல்.
பாதி எழுந்தவர்கள்
பாதியில் நின்றார்கள்.