இறங்குவதற்குக் காசில்லை

ருஸ்தாவியில் எங்கள் கட்டிடத்து லிஃப்ட்
இருபது தெத்ரி விழுங்கினால்தான் மேலே போகும்.
இறங்குவதற்குக் காசில்லை.
பதினான்கு மாதத்தில் இதை மறந்துவிட்டிருந்தேன்.

விடியற்காலை நான்கரை.
சூட்கேசுக்குள் அம்மா கேட்ட பேக்கிங் பவுடர்
முப்பது பொட்டலம்,
தம்பி வக்தாங்குக்கு ஓட்டப் பயிற்சி ஷூ.
அப்பா எதுவும் வேண்டாம் என்றார்,
அதனால் ஒரு டார்ச்.
கோட்டுப் பையில் யூரோ சில்லறை.
ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.
லிஃப்டின் உண்டியல் ஒவ்வொன்றையும் துப்பியது.

வெளியே வந்து எட்டாவது மாடியைப் பார்த்துக் கத்தினேன்,
கல்லூரி விட்டு வந்து கத்துவதைப் போலவே.
ஜன்னல் திறந்தது.
கயிற்றில் தகர வாளி இறங்கியது.
உள்ளே ஒரே ஒரு நாணயம்,
எட்டு மாடிக்கும் டங் டங்கென்று அறிவித்துக்கொண்டு.

பத்து நாள்.
விருந்தாளிக்கான துண்டு எனக்குத் தரப்பட்டது.
என் அறையில் வக்தாங்கின் இரும்புத் தட்டுகள்,
என் வேதியியல் நோட்டுகளின்மேல் அவன் காலுறை.
"எடுத்துவிடுகிறேன்" என்றான். எடுக்கவில்லை.
அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

கீழ்வீட்டு குலிகோ கேட்டாள்:
லைப்சிக்கில் என்னதான் வேலை?
தண்ணீரைச் சோதிக்கிறேன் என்றேன்.
"அவ்வளவு தூரம் போயா?
நம் தண்ணீருக்கு என்ன கேடு?"
மேசையே சிரித்தது.
அம்மாவும் சிரித்தாள், அடுப்பருகே நின்றபடி.
எல்லாருக்கும் ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள்,
சீஸ் இழை நீளநீளமாக வந்தது.
உட்காரவில்லை.
பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா என்று
எங்கள் வீட்டில் யாரும் கேட்டுப் பழகவில்லை.

கடைசி இரவு, சூட்கேஸ் நிறுக்கும் சடங்கு.
இருபத்துமூன்று கிலோவுக்குமேல் போனால்
விமான நிலையத்தில் பிளம் சாஸ் பாட்டிலை
அந்நியர்கள் முன்னால் வெளியே எடுத்து வைக்கவேண்டும்.
சூட்கேசைத் தனியாகத் தராசில் வைத்தால்
எண் அதற்கடியில் மறைந்துவிடும்.
ஆகவே எப்போதும்போல அம்மா
அதைக் குழந்தைபோல் தூக்கி அணைத்துக்கொண்டு
குளியலறைத் தராசில் ஏறினாள்.
எழுபத்தைந்து.
இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஏறினாள்.
கழித்தால் சூட்கேஸ்.

ஐம்பத்திரண்டு.

"சரியாக இருபத்துமூன்று!" என்று அப்பா கைதட்டினார்.

போன வருடம் இதே தராசில், இதே கணக்கில்
அவள் அறுபத்துநான்கு.
நான் மில்லிகிராமுக்குக் கையெழுத்துப் போடுகிறவள்.
ஒரு எண்ணைப் பார்த்தால் மறக்கமாட்டேன்,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"தராசு கிழடு" என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே.
செருப்பை மாட்டிக்கொண்டாள்.
ஒவ்வொரு கொக்கியும் பூட்டிவிட்டதா என்று
சூட்கேசைத்தான் தடவிப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு டாக்சி வந்தது.
அவள் கீழே வரவில்லை, குளிராம்.
லிஃப்டில் நானும் வக்தாங்கும்
நடுவில் சூட்கேசும்.
கதவு மூடியதும் கேட்டேன்: எப்போதிலிருந்து?
அவன் கதவுக்குமேல் எரியும் எண்களையே பார்த்தான்.
எட்டு. ஏழு.
"என்னது எப்போதிலிருந்து?"
ஆறு.
ஐந்தில் ஒரு குலுக்கல், எப்போதும் குலுங்கும்.
நான்கு.
மூன்றில் "அக்டோபர்" என்றான்.
"சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.
நீ வேலையை விட்டுவிடுவாயாம்."
இரண்டு.
"ஊசிக்கு உன் பணம்தான்.
அதையும் சொல்லக்கூடாது."

அக்டோபரில் ஒரு ஞாயிறு அவள் போனில் கேட்டாள்,
அங்கே மருத்துவமனைத் தண்ணீரையும்
நீதான் பார்க்கிறாயா என்று.
ஆமாம் என்றேன்.
"அப்படியானால் நல்லது" என்றாள்.
ஏதோ பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

தரைத்தளம். கதவு திறந்தது.
எதிரே குலிகோ, பேக்கரி இரவு வேலை முடிந்து,
மாவு படிந்த விரல்களில் இருபது தெத்ரியுடன்.
டாக்சிக்காரன் ஹார்னை ஒருமுறை தொட்டான்.
வக்தாங் சூட்கேசை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.
நான் இன்னும் உள்ளேயே நின்றேன்.

குலிகோ என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.
நாணயத்தை உண்டியலின் வாயில் வைத்தாள்,
விடவில்லை.

"எந்த மாடி?" என்றாள்.