தோள் முனை

தோள்பட்டைதான் வலிக்கிறது என்றாள் ஐசிரெக்.
இடதுபக்கம். படுத்தால் கூடுகிறது.
நேற்று இரண்டு வாளி தூக்கினேன், அதுவாக இருக்கும்.
முப்பத்தோரு வாரம்.
தேய்த்துவிட ஆட்டுக்கொழுப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள் மாமியார்.

விரிப்பைப் பார்த்தேன். ஒரு துளி இல்லை.
இருபது வருடம் ரத்தத்தைப் பார்த்துப் பயப்படக் கற்றவள் நான்:
துணி நனையும், தரை வழுக்கும்.
ரத்தம் இல்லாததைப் பார்த்துப் பயப்பட
ஒருத்தி செத்துத்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தாள்.
அவள் பெயரை எழுதமாட்டேன்.
அவள் பிள்ளைகள் எங்கள் தெரு வழியாகப் பள்ளிக்குப் போகிறார்கள்.

அழுத்தம் நூற்றுப்பத்து. நல்ல எண்தான்.
கர்ப்பிணியின் உடம்பு கடைசிவரை கணக்கை மறைக்கும்,
கடன்காரன் வாசலில் நிற்க
உள்ளே விருந்தாளிக்குச் சிரித்துப் பரிமாறும் வீடு மாதிரி.
நாடியோ நூற்றுமுப்பது.
கொட்டாவி விட்டாள். தண்ணீர் கேட்டாள். மறுபடி கேட்டாள்.
உதட்டைத் திருப்பினேன்:
உள்ளே பிசைந்த மாவின் நிறம்.

அப்புறம்தான் அந்த மோசமான விஷயம் நடந்தது.
அவளுக்குச் சரியாகிவிட்டது.

எழுந்து உட்கார்ந்தாள்.
வலி போய்விட்டது எஜே, உங்களை வீணாக அலைக்கழித்தேன்,
ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போங்கள், நானும் குடிக்கிறேன்.
வெளியே எசென்குல் வண்டியை அணைத்தான்.

அணைக்காதே, எசென்குல்.
தேநீர் கிடையாது, ஐசிரெக், ஒரு வாய்கூட.
மண்ணீரலுக்குப் போகும் குழாய் கிழிந்து
இரைப்பைக்குப் பின்னால் ஒரு சிறு பை நிறைந்திருக்கலாம்.
அது தாங்குகிறவரைக்கும்தான் இந்தச் சிரிப்பு.
அரை மணியோ, ஒரு நாளோ.
முதலில் தட்டும். அடுத்து கதவோடு வரும்.
என் ஊகம் தப்பாக இருந்தால்
ஊரே என்னைக் கேலி பேசட்டும், வசந்தம் வரை.

நாரின் மருத்துவமனைக்குப் போன் போட்டேன்:
ரத்தம் ஏற்பாடு செய். அறுவை மேசையை இப்போதே விரி.
பிரசவ வலியா என்றான் ஒரு பையன்.
இல்லை.
நஞ்சு பிரிந்துவிட்டதா?
தெரியாது. தோள் வலி.
தோளுக்கா அறுவை?
சைகால் டாக்டரைக் கூப்பிடு, தம்பி.

கணவாயில் பனி. அவளை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து
இரண்டு கையிலும் ஊசி ஏற்றியிருந்தேன்.
திருப்பம் தாண்டுகையில் பேச்சு நின்றது.
நாடி என் விரலுக்குக் கீழே நூலாகி,
நூலும் இல்லாமல்,
எசென்குல் கண்ணாடியில் என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

மண்ணீரல் போனது. அவள் இருக்கிறாள்.
குழந்தை ஆயிரத்து அறுநூறு கிராம், கோபக்காரி.
இதெல்லாம் விடிந்த பிறகு தெரிந்தது.

அந்த இரவு மூடிய கதவுக்கு வெளியே
மாமியார் மடியில் அதே கொழுப்புக் கிண்ணம்.
வழிநெடுகத் துணியில் சுற்றி
சூடு ஆறாமல் பிடித்து வந்திருந்தாள்.
திறந்து பார்த்தாள்: உறைந்து, வெள்ளையாக, ஒரு கறை இல்லாமல்.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.